காணிச் சமையலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: "பாபநாசம் மலையில் காணிப் பழங்குடிக் குடியிருப்பில் பிறந்தவன் நான். கேட்டரிங் படித்துவிட்டுத் திருநெல்வேலியில் ஒரு ஓட்டலில் நாலு வருஷமாகச் சமையல் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுப் பழங்குடிச் சமையல்காரர்கள் தங்கள் பாரம்பரியச் சாப்பாட்டையும் கதைகளையும் வைத்துச் சொந்த ஜனங்களை ஒன்று சேர்க்கிறார்கள் என்று படித்தேன். நம்ம பக்கம் அது நடக்குமா? நடக்கும் என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?"

தம்பி, கண்டிப்பாக நடக்கும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டல் போடுவதில் தொடங்காதீர்கள். உங்கள் குடியிருப்பில் வயசானவர்கள் நாலு பேரை உட்காரவைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் சமைத்து, அதை உங்கள் பிள்ளைகள் சாப்பிடுகிற ஒரு நாளில் தொடங்குங்கள். வெளியாட்களுக்கு இலை போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

என்னைப் பற்றி ரெண்டு வரி. அப்பா தவசுப்பிள்ளை, அதாவது விசேஷ வீடுகளுக்குச் சமைப்பவர். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வி.கே.புரம் (விக்கிரமசிங்கபுரம்) பக்கத்துக் கல்யாண வீடுகளின் ஆக்குப்புரையில்தான் நான் வளர்ந்தேன். பிறகு படித்து, கேட்டரிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வந்தேன். என்னிடம் படித்தவர்களில் காணிக்காரப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வீடுகளுக்குப் போய் அவர்கள் ஆச்சிமார் கையால் சாப்பிட்டிருக்கிறேன், கேட்டுக் கேட்டுக் குறித்தும் வைத்திருக்கிறேன். நான் சொல்வதும் உங்கள் ஆச்சி சொல்வதும் வேறுபட்டால் ஆச்சி சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்தவர்களில் ஷான் ஷெர்மனும் இருப்பார் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜில் பிறந்தவர், ஓக்லாலா லகோட்டா இனத்தவர். சின்ன வயசிலேயே ஓட்டல் வேலைக்குப் போய், மினியாபொலிஸ் நகரத்தில் தலைமைச் சமையல்காரராக உயர்ந்தவர். ஐரோப்பியச் சமையலெல்லாம் அத்துப்படி. உன் ஜனங்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மெக்சிகோவில் போய்த் தங்கியிருந்தபோது அங்குள்ள பழங்குடி மக்களைப் பார்த்துத்தான் இது அவருக்கு உறைத்தது. 2014இல் அந்தத் தேடலையே தொழிலாக எடுத்துக்கொண்டார். 2021இல் மிசிசிப்பி ஆற்றங்கரையில் 'ஓவாம்னி' என்று ஓர் உணவகம் திறந்தார். மறுவருஷமே சிறந்த புதிய உணவகத்துக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது, அமெரிக்காவின் பெரிய உணவு விருது, அதற்குக் கிடைத்தது. அந்த இடத்து அருவிக்கு டகோட்டா மக்கள் வைத்த பெயரிலிருந்து எடுத்த பெயர் அது. பாணதீர்த்த அருவியின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஜனங்களுக்கு அந்தப் பெயரின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் சமையலறையில் ஒரு விதி உண்டு. ஐரோப்பியர்கள் கொண்டுவந்த பொருள் எதுவும் அடுப்பேறாது. கோதுமை மாவு, பால், கரும்புச் சர்க்கரை, மாட்டிறைச்சி, பன்றி, கோழி ஒன்றும் கிடையாது. அந்த மண்ணின் பைசன் எருமை, ஏரி மீன், மக்காச்சோளம், பூசணி, பீன்ஸ், ஏரித் தண்ணீரில் தானாக விளைகிற காட்டரிசி, இவைதான். இப்படி ஒரு விதி வைக்கக் காரணம் இருக்கிறது. அந்த மக்களை நிலத்தைவிட்டு விரட்டி ஒரு மூலையில் அடைத்தபோது, வேட்டையும் விளைச்சலும் போய், அரசாங்கம் அளந்து கொடுத்த மாவு, கொழுப்பு, சர்க்கரையில்தான் உயிர் பிழைத்தார்கள். மாவைக் கொழுப்பில் பொரித்த ரொட்டியே பிற்பாடு அவர்களுடைய 'பாரம்பரிய' உணவாகிவிட்டது. கூடவே சர்க்கரை நோயும் வந்து சேர்ந்தது. பசியால் திணிக்கப்பட்ட அந்த மாவை அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதில் எனக்கு முழு மரியாதை உண்டு.

ஆனால் அந்த விதியை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். காணி வீட்டில் இன்றைக்கு முதல் சாப்பாடு எது? மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. தொட்டுக்கொள்ள? காந்தாரி மிளகாய் அரைத்த துவையல். ரெண்டுமே தென்னமெரிக்கப் பக்கத்துச் சரக்கு, போர்ச்சுக்கீசியர் வழியாக இங்கே வந்தவை. திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியிலிருந்து வந்தது என்று கணக்குப் பார்த்து எடுத்துவைத்தால் இலையில் பாதி காலியாகிவிடும். கஷ்ட காலத்தில் எத்தனையோ வீடுகளைத் தாங்கிய கிழங்கு அது. உங்கள் ஆச்சியின் ஆச்சி அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள் என்றால் அது உங்களுடையதுதான். மரச்சீனிக்கு முன்னால் என்ன இருந்தது என்பதை மட்டும் தேடிப் பிடியுங்கள். காச்சில், கவலை, காய்வள்ளி என்கிற கொடிக்கிழங்குகள், நல்லமிளகு, தேன். மரச்சீனியைத் தள்ளாமல், அதன் பக்கத்தில் இவற்றைக் கொண்டுவந்து உட்காரவையுங்கள்.

ஷெர்மனிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. உணவகத்தோடு அவர் நின்றுவிடவில்லை. லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பை வைத்து, பழங்குடி இளைஞர்கள் வந்து கற்றுக்கொள்ள ஒரு பயிற்சிச் சமையலறையையும் நடத்துகிறார். விருது உணவகத்துக்குக் கிடைத்தது, ஜனம் சேர்ந்தது அந்தப் பயிற்சிச் சமையலறையில் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

சரி, கதைக்கு வருவோம். சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு, ருசியாக இருக்கட்டும் என்று பக்கத்தில் ஒரு கதையையும் வைப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். காட்டுச் சமையலில் அது அப்படியில்லை என்பதை ஓர் ஆச்சி எனக்குக் காட்டினாள்.

தை மாசம். கொடி காய்ந்து கிழங்கு முற்றியிருக்கிற நேரம். வீட்டுக்குப் பின்னால் மரத்தில் ஏற்றிவிட்ட காச்சில் கொடியின் அடியில் ஆச்சி குத்தவைத்து உட்கார்ந்தாள். முனையில் இரும்பு போட்ட கழியால் கிழங்குக்குச் சற்றுத் தள்ளி மண்ணைக் குத்தி, கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டாள். முழங்கை ஆழம் போனதும் கிழங்கின் தோள் தெரிந்தது. உருவி எடுப்பாள் என்று பார்த்தால், அரிவாளை எடுத்துக் கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை நாலு விரல் கனத்துக்கு அறுத்துத் தனியாக வைத்தாள். கிழங்கை எடுத்த குழியில் சருகைப் போட்டு, அந்தத் தலையை வைத்து, மண்ணைத் தள்ளிக் காலால் லேசாக மிதித்தாள். அவளுடைய பேத்தி, என்னிடம் படித்த பெண், "இதை ஏன் வைக்கணும்?" என்று கேட்டாள். "என் ஆத்தா வச்சதைத்தானே நீ இன்னைக்குத் திங்கப்போற" என்றாள் ஆச்சி. அவள் தாய் எந்த வருஷம், எங்கேயிருந்து அந்தத் தலையைக் கொண்டுவந்து வைத்தாள் என்று பேச ஆரம்பித்தவள், அடுப்பு மூட்டும் வரை நிறுத்தவில்லை.

அடுத்து காய்வள்ளி. கொடியிலேயே உருளைக்கிழங்கு மாதிரி காய்த்துத் தொங்கும், பார்த்திருப்பீர்கள். காட்டுவகை கசக்கும், நஞ்சும் உண்டு. தோலைச் சீவி, துண்டு போட்டு, வேகவைத்து அந்தத் தண்ணியைக் கொட்டினாள். மறுபடி புதுத் தண்ணி, மறுபடி கொதி, மறுபடி கொட்டினாள். ரெண்டாம் தண்ணி கொட்டியதும் ஒரு கதை சொன்னாள். அவளுடைய பெரியப்பா மகன் ஒருத்தன், மழைக்காலத்தில், பசி பொறுக்காமல் ரெண்டாம் தண்ணியோடு நிறுத்திச் சாப்பிட்டுவிட்டான். ராத்திரி முழுக்க வாந்தி. அவனைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்ட முடியாமல், விடிய விடிய இக்கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவன் எப்படி முனகினான் என்று ஆச்சி முனகிக் காட்டினாள். பேத்தி சிரிக்கவில்லை. மூணாம் தண்ணி கொதித்தது, கொட்டினாள். அதற்கும் பிறகு ஒரு துண்டை நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உப்புப் போட்டாள்.

அந்தப் பேத்தியிடம் செய்முறையைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனை தண்ணி என்பது மறந்துபோயிருக்கும். பெரியப்பா மகனின் முனகல் மறக்காது. அந்தக் கிழங்கைத் தின்பதற்கான அறிவே அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது. கதை போனால் கிழங்கும் போகும், அல்லது ஆளைச் சாய்க்கும். (இதைப் படித்துவிட்டு யாரும் காட்டுக் கிழங்கைத் தானாக வேகவைத்துப் பார்க்காதீர்கள். எத்தனை தண்ணி என்பது கிழங்குக்குக் கிழங்கு மாறும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே கூடாது.) மரச்சீனிக்கும் இதே மாதிரி ஒரு முறை உண்டு. துண்டு போட்டு, நிறையத் தண்ணி விட்டு, மூடாமல் வேகவைத்து வடிப்பது. கிழங்கில் உள்ள சயனைடு நஞ்சு வெட்டும்போதும் வேகும்போதும் பிரிந்து, ஆவியோடும் வடிக்கிற தண்ணியோடும் போகிறது என்று நான் வகுப்பில் சொல்வேன். காரணம் தெரிந்த நான் வகுப்பில் சொல்கிறேன், காரணம் தெரியாமலேயே ஆச்சிமார் தலைமுறை தலைமுறையாகத் தப்பில்லாமல் செய்து வந்திருக்கிறார்கள்.

கதையும் சோறும் சேர்ந்து ஊரைக் கூட்டும் என்பதற்கு அமெரிக்காவைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. நம்ம பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாவைப் பாருங்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பார்கள். மெட்ராஸில் வேலை பார்ப்பவனும் வரி கட்டுவான், வந்தும் சேர்வான். வில்லுப்பாட்டுக்காரர் சாமியின் பிறப்பிலிருந்து ஆரம்பித்துக் கதையைக் கொண்டுபோவார். கதை ஏற ஏற சாமி வந்து ஆடும். நடுச்சாமத்தில் சாமிக்குச் சோறு படைத்துப் படப்புப் போடுவார்கள். கதை கேட்காமல் யாரும் அந்தச் சோற்றுக்குக் கை நீட்டுவதில்லை. என் அப்பா கொடைக்கு ஆக்கப் போகும்போது வில்லுப்பாட்டைக் கேட்டுத்தான் உலை வைப்பார். "கதை எந்த இடத்துல நிக்குன்னு பாத்து அடுப்பைத் தள்ளணும்லே" என்பார். உங்கள் மலையிலேயே சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து குடில் போட்டுத் தங்கி, கிடா வெட்டி, ஆற்றங்கரையில் ஆக்கித் தின்று, அங்குள்ள பட்டவராயன் சாமியின் கதையைப் பேசிக்கொண்டு கிடக்கிற கூட்டத்தைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருப்பீர்கள்.

உங்களுக்கே உரியதாகக் கொக்கரை இருக்கிறது. இரும்புக் குழலை இரும்புக் கம்பியால் உரசி எழுப்புகிற அந்தச் சத்தத்தில் ராத்திரி முழுக்கப் பாடத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நோய் தீர்க்கவும் சாமியைக் கூப்பிடவும் பாடுவது அது. அதை விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் நிகழ்ச்சியாக வைக்கலாமா என்பதை நீங்களோ நானோ முடிவு செய்யக்கூடாது. பாடிப் பூசை செய்கிற பிலாத்தியிடமும் ஊர்த்தலைவரான மூட்டுக்காணியிடமும் கேளுங்கள். கூடாது என்றால் விட்டுவிடுங்கள்.

என்ன கதை சொல்வது என்று கேட்டால், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அகஸ்தியர் கதைதான் வேண்டும். சித்தர், மூலிகை, ரகசியம் என்று கேட்பார்கள். பொதிகையில் அகஸ்தியர் இல்லாமல் எப்படி, சொல்லுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம். இடம் மாற்றி மாற்றி விவசாயம் செய்த காலம், காரையாறு அணையில் தண்ணீர் ஏறி ஆற்றின் முகமே மாறியது, 1988இல் களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது, அதற்குப் பிறகு எதையெல்லாம் எடுக்கலாம் எதையெல்லாம் எடுக்கக் கூடாது என்று வந்தது, எல்லாமே உங்கள் கதைதான். காணி என்ற சொல்லுக்கே நிலம், நிலத்தின் மேல் உள்ள உரிமை என்று பொருள். அந்தப் பெயரைச் சுமக்கிற ஜனங்கள் நிலத்தைப் பற்றிப் பேசாமல் கிழங்கைப் பற்றி மட்டும் எப்படிப் பேச முடியும்?

இறைச்சி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கதைகளில் மிளா மானும் காட்டுப்பன்றியும் வரும். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அவற்றைத் தொட முடியாது. கதையில் வேட்டை இருக்கட்டும், சட்டியில் வேண்டாம். தேன், கிழங்கு, மூலிகை போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் உரிமை கொடுக்கிறது. உங்கள் குடியிருப்பின் கிராம சபையில் அந்த உரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா, பட்டயம் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சமையல்காரனுக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். தேன் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட அந்தக் காகிதம்தான் வேண்டும்.

அடுத்து சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். உங்கள் சொந்தக்காரர்களுக்கு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நடந்தது இது. 1987இல் அகஸ்தியமலைக்கு ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் ஏறி ஏறிக் களைத்துப்போனார்கள். வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு தெம்பாக நடந்தார்கள். என்னவென்று முதலில் சொல்ல மறுத்தவர்கள் பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை என்கிற செடியின் காய். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. மருந்தை உருவாக்கிய ஆய்வு நிறுவனம் 1995இல் ஓர் ஆயுர்வேத நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் தயாரிப்பு உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அறக்கட்டளையும் பதிவானது. உலகமே இதைப் பாராட்டியது. பாராட்டத்தக்கதுதான். ஆனால் எங்களைக் கேட்கவில்லையே என்று மற்றக் குடியிருப்புக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். பெயர் பரவியதும் வெளியாட்கள் காட்டுக்குள் புகுந்து செடியை வேரோடு பிடுங்க ஆரம்பித்தார்கள்.

ஆகவே கேமராவைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடாதீர்கள். காச்சில் பற்றிப் பேசுங்கள், மரச்சீனி பற்றிப் பேசுங்கள், மிளகுச் சாறு பற்றிப் பேசுங்கள். காட்டில் எந்த இடத்தில் எந்தச் செடி என்பது குடியிருப்புக்குள்ளேயே இருக்கட்டும். எதைச் சொல்லலாம் என்று பெரியவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, அகஸ்தியர் குடியிருப்பு, அணைக்கு மேலே இஞ்சிக்குழி என்று எல்லா இடத்து ஆட்களும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். ஒரு குடியிருப்பு மட்டும் முடிவெடுத்தால் பிறகு சண்டைதான் மிஞ்சும்.

இதெல்லாம் பெரிய வேலையாகத் தெரியும். முதல் நாள் வேலை சின்னதுதான். தை, மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும், அது முக்கியம். என்னிடம் படித்த ஒரு பையன், விடுதியில் "கிழங்கு தின்னி" என்று கூப்பிடுகிறார்கள் என்பதற்காக ஒரு வருஷம் முழுக்க வீட்டிலிருந்து எதுவும் கொண்டுபோகாமல் இருந்தான். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் முதல் இலை. காலையில் ஆச்சிமாரோடு அவர்களையும் தோண்டக் கூட்டிப்போங்கள். கிழங்கின் தலையை அவர்கள் கையாலேயே திரும்ப நடச் சொல்லுங்கள். காச்சில் அவியல் மாதிரி வேண்டாம், வெறுமனே அவித்தது போதும். உப்பும் நல்லமிளகும் வைத்து அம்மியில் அரைத்தது ஒன்று, காந்தாரித் துவையல் ஒன்று. இனிப்புக்குத் தேன். ஓட்டலில் படித்த அலங்காரம் எதையும் இலையில் காட்டாதீர்கள். வரியாக வீட்டுக்கு ஒரு கிழங்கு, காசு வேண்டாம்.

கதையை ஒரு செல்போனில் பதிவு செய்யுங்கள், உங்கள் மொழியிலேயே, மாற்றாமல். பேசுகிறவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு. அந்தப் பதிவு குடியிருப்பின் சொத்து. பிறகு ஒரு காலத்தில் பாபநாசத்தில் வெளியாட்களுக்கு மாசம் ஒரு தடவை இலை போடுகிற நிலை வந்தால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். ஓட்டலில் நாலு வருஷம் இருந்த உங்களுக்கு அது தெரிந்திருக்கும். அன்றைக்கு ஆச்சிமாருக்குக் கூலி, சமையல்காரர் கூலிக்கு ஒரு பைசா குறையாமல் இருக்க வேண்டும். பரிமாறுகிற பெண்ணுக்கும் அப்படியே.

பாத்திரம் பற்றிக் கவலைப்படாதீர்கள். அப்பா காலத்துப் பெரிய உருளியும் ரெண்டு சருவமும் வீட்டில் சும்மாதான் கிடக்கின்றன. ஐம்பது பேருக்குக் காணும். நாளைக் குறித்ததும் சொல்லுங்கள், வி.கே.புரம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து தருகிறேன். புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பேன்.